சுவரில் தொங்கியவருக்குப் பதினேழு வருஷ அனுபவம்

ரீட்டாவுக்குக் கோபம் வந்தது சிதம்பரத்தில். வந்திருக்க வேண்டியது பதினேழு வருஷத்துக்கு முன்னால், கடலூர் மஞ்சக்குப்பத்தில், அந்த மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே. அப்போது வராமல் போனதற்கு அவள் யாரை நொந்துகொள்வது? பாதிக் கோபம் அவளுக்குத் தன் மேலேயேதான்.

கடை திருநாவுக்கரசு என்பவருடையது. மருந்துக் கடை வைத்தால் மருந்தியல் படித்த ஒருவர் கடையில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். திருநாவுக்கரசு அதற்கு முன்னால் சிமெண்ட் மூட்டை விற்றுக்கொண்டிருந்தவர். ஆகவே அவர் ஒரு சான்றிதழை வாடகைக்கு எடுத்தார். ஆளை அல்ல, சான்றிதழை மட்டும். காட்டுமன்னார்கோயில் தட்சிணாமூர்த்தி, பி.பார்ம். கல்லாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், தலையைப் படிய வாரிக்கொண்டு, இருபத்து நாலு வயதில் சிரிக்காமல் அவர் தொங்கினார். மாலை ஒன்றுதான் பாக்கி. அவருக்குக் கீழே நின்று காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை மருந்து எடுத்துக் கொடுத்தவள் ரீட்டா. பிளஸ் டூ, காமர்ஸ் குரூப்.

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ரீட்டா கவுண்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கையில் ஒரு பழைய மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு, மருந்து வாங்க வந்தவள் மாதிரி தெருப் பக்கம் நிற்க வேண்டும். திடீரென்று வந்துவிட்டால், படித்தவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று திருநாவுக்கரசு சொல்லிவிடுவார். முன்கூட்டியே தெரிந்தால் தட்சிணாமூர்த்தியைக் காரில் அழைத்துவந்து, வெள்ளைக் கோட்டு மாட்டி உள்ளே நிறுத்துவார். அப்படி அவர் வந்தது மொத்தம் இரண்டே தடவை. இரண்டாம் தடவை, ரீட்டா நீட்டிய சீட்டுக்கு மாத்திரை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அவர் அதிகாரிக்கு எதிரிலேயே முழித்தார். மூணாவது தட்டிலிருந்துதானே போன தடவை எடுத்தீர்கள் என்று, வாடிக்கைக்காரியாக நின்ற ரீட்டாவே சொல்லிக் காப்பாற்றினாள். அன்று சாயங்காலம் திருநாவுக்கரசு சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். ரீட்டாவும் சிரித்துக்கொண்டே குடித்தாள். இப்போது நினைத்தால் அவளுக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

சும்மா நின்றவள் இல்லை அவள். கடலூரில் எந்த டாக்டர் கிறுக்கினாலும் அவளுக்குப் படிக்க வரும். பெயர் ஒரே மாதிரி இருக்கும் மாத்திரைகளை ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று எவரும் சொல்லிக் கொடுக்காமலே பிரித்து வைத்தாள். சீட்டில் அளவு தப்பாக இருப்பதாகப் பட்டால் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்பாள். திட்டியவர்களும் உண்டு, நல்லவேளை கேட்டாய் என்றவர்களும் உண்டு. ஊரடங்கில் கடலூரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது முதுநகரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து கடையைத் திறந்தவள் அவள்தான். திருநாவுக்கரசு அந்த மூன்று மாதமும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

சிதம்பரம் பைபாஸில் புதிதாக ஒரு பெரிய ஆஸ்பத்திரி திறக்கப் போவதாகவும், அதன் மருந்துக் கிடங்குக்குப் பொறுப்பாளர் தேவை என்றும் விளம்பரம் வந்தது. மருந்தியலில் பட்டம், அல்லது மருந்துக் கடையில் பத்து ஆண்டு அனுபவத்துக்கு எழுத்துச் சான்று. அந்த 'அல்லது' என்ற சொல்லை ரீட்டா நாலு தடவை படித்தாள். கிடங்கு வேலையில் நோயாளிக்கு மருந்து கொடுக்க வேண்டியதில்லை. சரக்கை வாங்கி, காலாவதி பார்த்து, அடுக்கி அனுப்ப வேண்டும். சட்டத்துக்கு உட்பட்ட வேலை. பெயர் போட்ட அட்டை கழுத்தில் தொங்கும். யார் வந்தாலும் வெளியே போய் நிற்க வேண்டாம். வயசு நாற்பத்திரண்டு ஆகிறது, இதை விட்டால் இன்னொரு 'அல்லது' வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

திருநாவுக்கரசிடம் அனுபவச் சான்று கேட்டாள். அவர் தாராளமாகச் சரி என்றார். என்னென்ன வேலை பார்க்கிறாய் என்று இங்கிலீஷில் ஒரு தாளில் எழுதிக் கொடு, டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், காலேஜ் படிக்கும் மகள் ஜெனிட்டாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ரீட்டா எழுதினாள். பதினோரு வரி வந்தது. பெயர் போட வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டாள். அது முதலாளி போட வேண்டியது. ஒன்பதாவது வரி மட்டும் வேண்டாம் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். கடலூரைச் சாய்த்த தானே புயலின்போது மின்சாரம் இல்லாத நாட்களில் துறைமுகத்திலிருந்து மீன் ஐஸ் பெட்டி கொண்டுவந்து, ஒரு இன்சுலின் பாட்டில்கூட வீணாகாமல் காப்பாற்றியது பற்றிய வரி அது. சான்றிதழில் யாராவது இதையெல்லாம் எழுதுவார்களா என்று ஜெனிட்டா சிரித்தாள். அந்த ஐஸ் பெட்டியை மழையில் நனைந்துகொண்டு மீன் வண்டியில் ஏற்றி வந்தவன் ஜெனிட்டாவின் அப்பன், துறைமுகத்தில் சுமை ஏற்றும் டேவிட் ராஜ். வரி இருக்கட்டும் என்று ரீட்டா பிடிவாதம் பிடித்தாள்.

தாளை வாங்கி வைத்துக்கொண்ட திருநாவுக்கரசு ஒரு வாரம் கழித்துக் கையை விரித்தார். ஆடிட்டர் கூடாது என்கிறார், உன் பேர் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை, நீ இங்கே வேலை செய்தாய் என்று நானே எழுதிக் கொடுத்தால் கடைக்கு சீல் வைத்துவிடுவார்கள் என்றார். ரீட்டாவுக்கு வருத்தமாக இருந்தது. வருத்தம் மட்டும்தான். பாவம், அவர்தான் என்ன செய்வார் என்றுகூட நினைத்தாள். எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. காகிதம் இல்லாவிட்டால் என்ன, நேரில் கேள்வி கேட்டுப் பார்க்கட்டும் என்று சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் இன்னும் பெயிண்ட் வாசனை போகவில்லை. வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் ஃபைலும் கையுமாக இருந்தார்கள். ரீட்டா உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில், முன்மண்டை வழுக்கையான ஒருவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையில் முடிதான் போயிருந்தது, முகம் அதேதான். தினமும் கல்லாவைத் திறக்கும்போது நிமிர்ந்தால் தெரியும் முகம் அவளுக்கு மறக்குமா? அவருக்கோ அவளைச் சுத்தமாக அடையாளம் தெரியவில்லை.

ரீட்டா கடலூர் என்று தெரிந்ததும் அவர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். தாளின் தலையில் திருநாவுக்கரசு கடையின் பெயர் அச்சாகியிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. தானே புயல் அப்ப கடலூர்ல எத்தினி நாளு கரண்டு இல்ல? உள்ள கேட்டாங்கன்னா சொல்லணும்."

"ஏன், நீங்க அப்ப கடலூர்ல இல்லீங்களா?"

"நான் எங்க இருந்தேன். நம்முளுது காட்டுமன்னார்கோயில்ல ரைஸ் மில்லு. இதுல என்னென்னமோ எழுதிக் குடுத்திருக்காரு. ஐஸ் பெட்டியில வச்சா இன்சுலின் ஒறஞ்சு போயிடாதா? அதான் எனக்கே இடிக்குது."

தாளை ரீட்டா வாங்கிப் பார்த்தாள். மேலே, தட்சிணாமூர்த்தி என்பவர் எங்கள் கடையில் பதினேழு ஆண்டுகள் முழுநேரமாகப் பணியாற்றினார் என்று இருந்தது. கீழே பதினோரு வரி. ஜெனிட்டா திருத்திய இங்கிலீஷ், ஒரு சொல் மாறவில்லை. 'அவள்' இருந்த இடத்தில் மட்டும் 'அவர்' நின்றார். ஒன்பதாவது வரியில் அவர் புயலில் ஐஸ் பெட்டி கொண்டுவந்திருந்தார். கடைசியில் திருநாவுக்கரசின் கையெழுத்து, கடையின் ரப்பர் ஸ்டாம்பு.

அப்போதுதான் வந்தது. எழுத்தே கலங்கித் தெரிகிற அளவுக்குக் கோபம். பதினேழு வருஷத்துக் கோபமும் வட்டியோடு சேர்ந்து வந்த மாதிரி இருந்தது. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித்தான் பழக்கம் அவளுக்கு.

"நேரா ஐஸ் மேல வச்சா ஒறஞ்சிடும். ஒறஞ்சா தூக்கித்தான் போடணும். கீழ ஐஸ் போட்டு, நடுவுல தெர்மாகோல் வச்சு, பாட்டில எல்லாம் துண்டுல சுத்தி வச்சேன்."

"வச்சீங்களா?"

"நான்தான் வச்சேன். ஐஸ் பெட்டி கொண்டாந்தது எங்க வீட்டுக்காரரு. நீங்க வெள்ளக் கோட்டு போட்டுக்கிட்டு மாத்திர தேடுனப்ப மூணாவது தட்டுன்னு சொன்னதும் நான்தான்."

தட்சிணாமூர்த்தி தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. தாழ்ந்த குரலில் அவர் பக்கத்துக் கதையைச் சொன்னார். லெட்டர் மட்டும்தான் கேட்டாராம். தராவிட்டால் சான்றிதழைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று சொன்னது உண்மைதானாம். அதில் யார் வேலை எழுதியிருக்கிறது என்பது சத்தியமாகத் தெரியாதாம். அரைக் காணி நிலத்தை விற்றுப் படித்த படிப்பு, மாமனார் மில்லைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் சுவரிலேயே தங்கிவிட்டது. இப்போது மில்லை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. பட்டம் வாங்கிப் பதினெட்டு வருஷமாக என்ன செய்தாய் என்று போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள்.

உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவர் போகாமல் நின்றார்.

"நான் போவாம இருந்துட்டா மட்டும் இந்த வேலைய உங்களுக்குக் குடுத்துடுவாங்களா?" என்று கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். அவர் தாளை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார். ரீட்டாவின் பதினேழு வருஷமும் அவர் கக்கத்தில் போனது.

அவளை அழைத்தபோது மணி ஒன்றாகிவிட்டது. எச்.ஆர். நாற்காலியில் எழிலரசி என்று பெயர்ப் பலகை வைத்த, முப்பது வயது மதிக்கத்தக்க பெண் இருந்தாள். நல்ல பெண்தான். மூன்று கேள்வி கேட்டாள். மூன்றுக்கும் ரீட்டா சொன்ன பதிலைக் கேட்டு, குறித்துக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சான்று எங்கே என்றாள். ரீட்டா நடந்ததை அப்படியே சொன்னாள். முன்னால் வந்து போனவர் காட்டிய காகிதத்தில் இருப்பதெல்லாம் என் வேலை, வேண்டுமானால் அந்தப் பதினோரு வரியையும் பார்க்காமல் ஒப்பிக்கிறேன் என்றாள்.

எழிலரசி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"அப்படின்னா பதினேழு வருஷமா நீங்க லைசென்ஸ் இல்லாம மருந்து குடுத்திருக்கீங்க. அது கேஸும்மா. நீங்க சொன்னத நான் கேக்காத மாதிரி விட்டுடறேன். நீங்களும் வெளிய எங்கயும் சொல்லாதீங்க."

பெரிய உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள். பொய்க் காகிதத்தோடு வந்தவனுக்கு அனுபவம். உண்மையைச் சொன்னவளுக்குக் கேஸ். ரீட்டா நன்றி சொல்லாமல் எழுந்து வந்தாள்.

பஸ் பி.முட்லூரைத் தாண்டியது. யார் மேல் இவ்வளவு கோபம் என்று யோசித்துப் பார்த்தாள். தட்சிணாமூர்த்தி மேல் என்றால், அவர் நாலு வருஷம் உட்கார்ந்து படித்தவர். அந்தப் படிப்பை யாரும் அவருக்குச் சும்மா கொடுக்கவில்லை. படிப்பு மேல் என்றால், அதைப் படிக்க முடியவில்லையே என்று ஏங்கியவள்தான் அவளும். டி.பார்ம் சேர்கிறேன் என்று போய் நின்றபோது, காமர்ஸ் படித்தவர்களுக்கு இடமில்லை என்றார்கள். தான் எழுதிய வரியை வாங்கி இன்னொருவர் பெயரில் அடித்தாரே, அந்த மனிதர் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. முதுநகரில் இறங்க வேண்டியவள் இறங்காமல் நேராக மஞ்சக்குப்பத்துக்கே டிக்கெட்டை நீட்டிக்கொண்டாள்.

கடையில் திருநாவுக்கரசு ஒரு சீட்டைக் கண்ணுக்குக் கிட்டேயும் எட்டவும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டியா. இத மட்டும் என்னான்னு பாரு."

கிழவர் மேல் என்ன தப்பு? ரீட்டா சீட்டை வாங்கிப் படித்தாள், மருந்தை எடுத்து, எதைச் சாப்பாட்டுக்கு முன்னால், எதைப் பின்னால் என்று சொல்லி அனுப்பினாள். கவுண்டரின் இந்தப் பக்கம் நின்றுகொண்டே, பதினோரு வரியை எதற்கு அவருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

திருநாவுக்கரசு மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. அவன் சான்றிதழைக் கழற்றிக்கொண்டு போனால் மறுநாள் கடைக்குப் பூட்டு, நீயும் வீட்டுக்குத்தான் போக வேண்டும், உனக்கும் சேர்த்துத்தான் செய்தேன் என்றார். என்ன எழுதுவதென்று தெரியவில்லை, உன் தாள் கையில் இருந்தது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"காகிதம்தானே போச்சு. உன் அனுபவம் எங்கயும் போயிடலியே, உங்கிட்டதானே இருக்குது."

"எங்கிட்ட இருந்து என்னாண்ணே பண்றது? நாக்கு வழிக்கவா?"

பதினேழு வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. கடைச் சாவியைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு ரீட்டா வெளியே வந்தாள்.

டேவிட் ராஜ் முழுவதையும் கேட்டுவிட்டு, போய்த் தொலையட்டும், வேறு கடையா இல்லை என்றான். வேறு கடை இருக்கிறதுதான். அங்கேயும் சுவரில் ஒருத்தர் தொங்குவார், அவளும் சீட்டோடு வெளியே போய் நிற்பாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ரீட்டா மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் இருந்தாள். அந்த ஆய்வாளர் மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் சொன்னதை இடையில் நிறுத்தாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுக்கு உங்க பேரே வேணாம்மா. பொதுமக்கள்ல ஒருத்தர் குடுத்த தகவல்னு வச்சுக்கிட்டு நான் போய்ப் பாத்துக்கறேன். பேரு போட்டு எழுதினீங்கன்னா ஓனர் மேல மட்டும் கேஸ் நிக்காது, உங்க மேலயும் வரும். அபராதம் போடுவாங்க, ஜெயிலும் போடலாம்."

"பேரு போட்டுத்தான் சார் எழுதுவேன்."

"ஏம்மா, நான் சொல்றது புரியுதுங்களா?"

"நல்லாப் புரியுது சார். யாரோ ஒருத்தர்னு எழுதறதுக்கு நான் எதுக்கு வரணும்? இத்தினி வருஷமும் அங்க யாரோ ஒருத்தராத்தானே நின்னேன்."

ஆய்வாளர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். ரீட்டா எழுதத் தொடங்கினாள். தன் பெயர், கணவர் பெயர், முதுநகர் முகவரி. எந்த வருஷம் எந்த மாதத்திலிருந்து நேற்று வரை என்று தேதி. கடையில் மருந்து கொடுத்தது நான், நான் மட்டுமே என்று எழுதி, செய்த வேலைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாள். இந்தத் தடவை தமிழில் எழுதியதால் பதினோரு வரியில் அடங்கவில்லை.

எல்லாம் எழுதிய பிறகு பேனாவை மூடப் போனவள், மறுபடியும் திறந்தாள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த மீன்காரம்மா ஒருத்திக்குக் கால்வலி என்றதும் வலி மாத்திரை கொடுத்தாள். அந்தம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தது. நாலு நாளில் உடம்பெல்லாம் வீங்கிப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பிழைத்ததே பெரிது. யாருக்கும் தெரியாது, ரீட்டா இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. அதையும் எழுதினாள். முறையாகப் படித்திருந்தால் கொடுப்பதற்கு முன்பே கேட்டிருப்பேன், படிக்காததால் கேட்கவில்லை, அன்றிலிருந்து கேட்காமல் கொடுத்ததில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆய்வாளர் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தார். இது எதற்கம்மா, இதை யாரும் கேட்கவில்லையே, இந்த ஒரு பத்தியே உங்களை மாட்டிவிடும் என்றார்.

"அதுவும் என் அனுபவம்தான் சார். நல்லத மட்டும் போட்டுக் குடுக்கறதுக்கு இது என்ன முதலாளி குடுக்கற லெட்டரா?"

அவர் மனுவில் தேதியும் எண்ணும் போட்டார். ரீட்டா எழுந்திருக்கவில்லை. கைப்பையிலிருந்து சில்லறையை எடுத்துக்கொண்டு, எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுத்து வரட்டுமா என்று கேட்டாள். கேஸ் ஆகப்போகிற மனுவுக்கு நகலை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

"எத்தன வருஷம், என்னென்ன வேலன்னு எம்பேரப் போட்ட காகிதம் எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல சார். நகல்லயும் ஆபீஸ் சீல் வச்சுக் குடுங்க."